எங்கோ உதைக்கிறது

"வளையம் எங்கே அப்பா?"

2025 நவம்பர் கடைசி வாரம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்து, கழுவிவிட்ட முற்றம்போல் வானம் துலங்கிய ஓர் இரவு. மொட்டை மாடியில் இன்னும் ஈரம் காயவில்லை. எட்டு அங்குலத் தொலைநோக்கியைச் சனிக்கு நேராகத் திருப்பிவைத்துவிட்டு மகளை அழைத்தேன். பத்து வயது. பாடப்புத்தகத்திலும் சுவரொட்டியிலும் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்ட அந்த வளையத்தைக் கண்ணால் காணப்போகிறோம் என்று மழை நாள் முழுவதும் காத்திருந்தவள். கண்ணை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடியும் பார்த்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. குரலில் ஏமாற்றம் மட்டும் இல்லை. நான் அவளிடம் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

நானும் குனிந்து பார்த்தேன். மங்கிய மஞ்சளில் ஓர் உருண்டை. அதன் இரு பக்கமும் ஊசி நுனியால் கீறியதுபோல ஒரு கோடு. அவ்வளவுதான் வளையம். அந்த வாரத்தில் அதன் சாய்வு பூமியிலிருந்து பார்க்க அரை டிகிரிகூட இல்லை. சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த ஒரு சுற்றில் இரண்டு முறை வளையத்தின் விளிம்பு மட்டும் நமக்குத் தெரியும்படி கோள் நிற்கும். 2025 மார்ச் 23 அன்று விளிம்பு நேர்க்கோட்டில் வந்தது. நவம்பரில் மறுபடியும் கிட்டத்தட்ட அதே நிலைக்குத் திரும்பியது. முதன்மை வளையங்களின் குறுக்களவு ஏறக்குறைய 2,80,000 கிலோமீட்டர். தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டரை ஒட்டியதுதான். வளையத்தை ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருக்கினால் அதன் தடிமன் நாளிதழ்த் தாளைவிட மெல்லியதாகிவிடும். விளிம்பைத் திருப்பினால் காணாமல் போகாமல் என்ன செய்யும்?

அம்மாவும் மாடிக்கு வந்திருந்தார். திருநள்ளாற்றில் சனீஸ்வரனுக்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கும்பிட்டுப் பழகியவர். "சனியை இப்படி நேருக்கு நேர் பார்க்கலாமா?" என்று தயங்கினார். பேத்தி கையைப் பிடித்து இழுக்கவும் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. "இவ்வளவு சிறியதா? இவ்வளவு அழகா?" என்றார். அவருடைய பயத்தை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. ஏழரை ஆண்டு என்ற கணக்கே, தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் ஒரு புள்ளியைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தவர்களின் உழைப்பிலிருந்து வந்தது. பன்னிரண்டு ராசிகளைக் கடக்க இருபத்தொன்பதரை ஆண்டு என்றால் ஒரு ராசிக்கு இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. சனைச்சரன் என்றாலே மெல்ல நடப்பவன் என்றுதான் பொருள். பழந்தமிழில் மைம்மீன், கரிய மீன். அந்தப் பொறுமையான பார்வையிலிருந்துதான் எல்லாமே தொடங்கியிருக்கிறது.

மகளின் கேள்விக்கு வருகிறேன். அதே கேள்வியை 1612ஆம் ஆண்டு கலிலியோ கேட்டிருக்கிறார்.

1610 ஜூலையில் தன் சிறிய தொலைநோக்கியில் சனியைப் பார்த்தபோது அது அவருக்கு ஒற்றைக் கோளாகத் தெரியவில்லை. நடுவில் பெரியது, இருபுறமும் ஒட்டிக்கொண்டு சிறியவை இரண்டு, ஆக மூன்று உருண்டைகள் என்று எண்ணினார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பக்கத்தில் இருந்தவை இரண்டையும் காணவில்லை. சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டானா என்று ஒரு கடிதத்தில் திகைத்து எழுதினார். கிரேக்க, ரோமானியக் கதைகளில் அந்தத் தெய்வம் தன் பிள்ளைகளையே விழுங்கியவன் என்பதால் அந்தத் திகைப்பு இன்னும் கூர்மையானது. அவர் பார்த்தது பிழையில்லை. கண்ணாடி ஏமாற்றவுமில்லை. மனதில் வைத்திருந்த உருவம்தான் வானத்தோடு பொருந்தவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சொல் உண்டு. அப்பா வங்கியில் எழுத்தராக இருந்தவர். கணினி வராத காலம். மாலையில் பேரேடுகளைக் கூட்டி, பற்றும் வரவும் சமமாக வந்தால்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். சில நாள் இரவு ஒன்பது மணிக்கு வருவார். அம்மா காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "எங்கோ உதைத்தது."

ஒருமுறை இருபத்தேழு ரூபாய் உதைத்தது. சிறிய தொகை, தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அப்பா ஒப்பவில்லை. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது அந்தக் கால எழுத்தர்களுக்குத் தெரிந்த சூத்திரம். தேடினார். 58 என்று இருக்க வேண்டிய இடத்தில் 85 என்று இருந்தது. ஆனால் அதைத் தேடிப் போன வழியில் வேறொன்று அகப்பட்டது. ஒரு முதியவரின் ஓய்வூதியம் முழுவதும் இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தது. தவறான பெயரில் ஏறினாலும் மொத்தக் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அந்தப் பெரிய பிழை எங்குமே உதைக்கவில்லை. இருபத்தேழு ரூபாய் உதைத்திருக்காவிட்டால் அந்தப் பெரியவர் மறுநாள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

சனியைப் பற்றிப் படிக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. படிக்கப் படிக்க எனக்கு அப்பாவின் அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கோளைப் பற்றி மனிதர்கள் அறிந்த பெரிய செய்திகளில் பல, ஒரு சின்ன உதைப்பைச் சஸ்பென்ஸில் போட மறுத்தவர்களிடமிருந்து வந்தவை.

கலிலியோவுக்கு உதைத்த கணக்கைத் தீர்த்தவர் டச்சுக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1655 மார்ச்சில் டைட்டன் என்ற பெரிய நிலாவைக் கண்டுபிடித்தார். 1659இல் வெளியிட்ட நூலில், சனியை மெல்லிய தட்டையான வளையம் ஒன்று எங்கும் தொடாமல் சூழ்ந்திருக்கிறது, அது சாய்ந்து நிற்பதால்தான் சில ஆண்டுகளில் மறைகிறது என்று விளக்கினார். இருந்ததற்கும் மறைந்ததற்கும் ஒரே காரணம் சொன்ன விளக்கம் அது.

இவர்களைவிட என்னை அதிகம் கவர்ந்தவர் பாரிஸ் வான்காணகத்தில் இருந்த காசினி. 1671இல் ஐயாபெட்டஸ் என்ற நிலாவைக் கண்டார். சனிக்கு மேற்கே அது வரும்போது நன்றாகத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு கிழக்கே போக வேண்டிய நாட்களில் தேடினால் இல்லை. அடுத்த சுற்றில் மேற்கே மறுபடியும் இருந்தது. ஒரு நிலா பாதி வழி நடந்துவிட்டு இல்லாமல் போய்த் திரும்பி வர முடியாது. அது சனிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது, அதன் ஒரு பாதி வெளுப்பு, மறுபாதி கறுப்பு, கறுத்த பாதி நம்மை நோக்கும்போதுதான் நமக்குத் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தார். ஒரு புள்ளியாக மட்டுமே தெரிந்த ஒன்றின் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று வெறும் வருகைப்பதிவை வைத்துச் சொன்னார் அந்த மனிதர். நல்ல தொலைநோக்கி கிடைத்து, கிழக்குப் பக்கத்திலும் மங்கலாக அதைக் கண்டபோது ஆண்டு 1705. முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்தக் கணக்கைத் திறந்தே வைத்திருந்தார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் பெயரையே தாங்கிய விண்கலம் 2007 செப்டம்பரில் ஐயாபெட்டஸை நெருங்கிப் படமெடுத்தபோது ஒரு பக்கம் பனி, மறுபக்கம் கரி. காரணமும் அந்த ஆண்டுகளில் துலங்கியது. வெளியே சுற்றும் ஃபீபி என்ற நிலாவிலிருந்து கிளம்பும் கரிய தூசு ஐயாபெட்டஸின் முன்பக்கத்தில் படிகிறது. கறுத்த இடம் சற்றுக் கூடுதலாகச் சூடேறுகிறது. அங்கிருந்த பனி ஆவியாகிக் குளிர்ந்த பக்கம் போய் உறைகிறது. கறுப்பு மேலும் கறுக்கிறது, வெளுப்பு மேலும் வெளுக்கிறது. அந்தத் தூசு வளையத்தை 2009இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி அகச்சிவப்பில் கண்டுபிடித்தது.

காசினி விண்கலம் 1997 அக்டோபர் 15 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பியது. வெள்ளியை இரண்டு முறை, பூமியை ஒருமுறை, வியாழனை ஒருமுறை உரசிச் சென்று வேகம் கூட்டிக்கொண்டு 2004 ஜூலை 1 அன்று சனியைச் சுற்றத் தொடங்கியது. முதுகில் ஐரோப்பிய விண்வெளி முகமை செய்த சிறிய கலம் ஒன்றைச் சுமந்து போயிற்று. டைட்டனின் தரையில் இறங்க வேண்டிய அதற்குப் பெயர் ஹைகன்ஸ். நாட்குறிப்பில் இருக்கும் இந்தத் தேதிகளுக்கு நடுவே, எனக்குத் தெரிந்து மிகக் குறைவாகப் பேசப்படும் ஒரு சம்பவம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே பெரிதும் அதற்காகத்தான்.

ஹைகன்ஸ் டைட்டனில் இறங்கும்போது நேரடியாகப் பூமியோடு பேசாது. மேலே பறக்கும் காசினியிடம் சொல்லும். காசினி அதை வாங்கிவைத்துக்கொண்டு நமக்கு அனுப்பும். முதல் திட்டத்தின்படி காசினி அந்த நேரத்தில் நொடிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் ஹைகன்ஸை நோக்கி வந்துகொண்டிருக்கும். நெருங்கிவரும் ரயிலின் ஊதல் கீச்சென்று கேட்பதுபோல, ஹைகன்ஸின் வானொலி அலையும் சற்று உயர்ந்த அதிர்வெண்ணில் காசினிக்குக் கேட்கும். இது எல்லோருக்கும் தெரிந்த டாப்ளர் விளைவு. கருவி செய்தவர்களும் அதற்கு இடம் விட்டுத்தான் செய்திருந்தார்கள்.

போரிஸ் ஸ்மெட்ஸ் என்பவர் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஐரோப்பியக் கட்டுப்பாட்டு மையத்தில் பணிபுரிந்த சுவீடன்காரர், வானொலிப் பொறியாளர். ஹைகன்ஸ் அனுப்பப்போகும் குறிப்பலையைப் பூமியிலிருந்தே போலியாக உருவாக்கிக் காசினிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். அலை எட்டுகிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது, தகவலையும் ஏற்றி, டாப்ளர் மாற்றத்தையும் சேர்த்து, அந்த நாளில் எப்படி இருக்குமோ அப்படியே அனுப்ப வேண்டும் என்றார். இவ்வளவு சிக்கல் எதற்கு என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. கலம் ஏற்கெனவே விண்ணில் பறந்துகொண்டிருக்கிறது, எல்லாம் நன்றாகத்தான் இயங்குகிறது. அவர் விடவில்லை. ஆதரித்தவர்கள் சிலர் துணை நின்றார்கள். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள கோல்ட்ஸ்டோன் ஆண்டெனாவிலிருந்து அந்தப் போலிக் குரல் கிளம்பியது.

காசினி திருப்பி அனுப்பியதில் பெரும்பகுதி குப்பை.

அலை எட்டியிருந்தது, வலுவாகவே எட்டியிருந்தது. உள்ளே இருந்த தகவல்தான் சிதைந்திருந்தது. தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. டாப்ளர் விளைவு அலையின் அதிர்வெண்ணை மட்டும் உயர்த்துவதில்லை. அதில் வரிசையாக ஏறிவரும் பிட்டுகளையும் சேர்த்தே நெருக்குகிறது. ஹைகன்ஸ் நொடிக்கு 8,192 பிட் அனுப்பும். அந்த வேகத்தில் நெருங்கினால் நொடிக்கு எத்தனை பிட் கூடும் என்று நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அரைக்காலுக்குச் சற்றே மேல். ஒரு முழு பிட்கூட இல்லை. அந்த நெருக்கத்துக்குத் தாளம் போட, காசினியில் இருந்த வாங்கியால், அதாவது அலையைப் பெறும் கருவியால், முடியவில்லை. அலைக்கு இடம் விட்டவர்கள் தாளத்துக்கு இடம் விடவில்லை. மென்பொருளில் சின்னத் திருத்தம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பகுதியைப் பூமியிலிருந்து மாற்ற வழியே வைத்திருக்கவில்லை. அந்தச் சோதனை நடந்திராவிட்டால், ஏழு ஆண்டுகள் பயணம் செய்த கலம் டைட்டனில் பேசியிருக்கும், காசினி கேட்டிருக்கும், நமக்கு எதுவும் புரிந்திருக்காது.

கருவியைத் தொட முடியாது என்றால் பாதையை மாற்றலாம் என்று முடிவாயிற்று. காசினியின் முதல் சுற்றுகள் திருத்தி அமைக்கப்பட்டன. டைட்டனுக்கு 1,200 கிலோமீட்டர் அருகில் பறக்க இருந்த காசினி, ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் தள்ளி, பக்கவாட்டில் கடக்கும்படி செய்தார்கள். நேரே வரும் ரயிலின் ஊதல்தான் கீச்சிடும். தொலைவில் குறுக்கே போகும் ரயிலின் ஊதல் அவ்வளவு மாறாது. அந்த எளிய உண்மையை வைத்து ஒரு பயணத்தையே காப்பாற்றினார்கள். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிலவில் கால் பதித்தவரின் பெயரைக் குழந்தைகளும் சொல்கிறார்கள். ஸ்மெட்ஸின் பெயரும் அந்த வரிசையில் வர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

2005 ஜனவரி 14. ஹைகன்ஸ் டைட்டனின் ஆரஞ்சுப் புகைமூட்டத்துக்குள் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் மிதந்து இறங்கியது. அன்றும் ஒன்று உதைத்தது. இரண்டு அலைவரிசைகளில் ஒன்றைக் கேட்கும் வாங்கியை இயக்கும் கட்டளை விடுபட்டுப்போய், படங்களில் பாதி, ஏறத்தாழ 350, தொலைந்தன. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனையும் அந்த அலைவரிசையை நம்பியே இருந்தது. ஆனால் பூமியிலிருந்த பெரிய வானொலித் தொலைநோக்கிகள் காது கொடுத்துக்கொண்டிருந்தன. நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கைபேசியின் வலுவுக்கு ஒப்பான அந்த அலையை நேரடியாகவே பிடித்து, காற்றின் கணக்கை மீட்டார்கள்.

மீதிப் படங்கள் வந்தன. கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் ஆற்றுத் தடங்கள். தரையில் உருண்டையான கூழாங்கற்கள். அதைப் பார்த்தபோது காவிரியின் மணல் படுகையில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. உருட்டுவதற்கு ஓடும் ஒன்று இல்லாமல் கல் உருண்டையாகாது. அந்தக் கற்கள் உறைந்த தண்ணீர். மைனஸ் 179 டிகிரியில் பனிக்கட்டி பாறைபோல் இறுகியிருக்கும். ஓடியது திரவ மீத்தேன். அங்கே மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, வடதுருவத்தின் பக்கம் கிராக்கென் என்று பெயரிட்ட பெருங்கடல் கிடக்கிறது. எல்லாம் மீத்தேனும் ஈத்தேனும். ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நம்முடையதைவிட அடர்த்தி. அங்கே மழைத்துளி ஆடி அசைந்துதான் விழும். 2028இல் கிளம்பவிருக்கும் டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலம் 2034 வாக்கில் அங்கே போய்ச் சேர வேண்டும். மகளுக்கு அப்போது பத்தொன்பது வயதிருக்கும்.

டைட்டன் புதனைவிடப் பெரிய நிலா. அங்கே அதிசயம் இருக்கும் என்று எதிர்பார்த்தே போனார்கள். எதிர்பாராத ஒன்று 500 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பனி உருண்டையில் இருந்தது. திருச்சியிலிருந்து ஹைதராபாத் போகும் தூரத்துக்குள் அடங்கிவிடும் அது. பெயர் என்செலடஸ். 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. காசினிக்கு முன்பே சனியைக் கடந்துபோன வாயேஜர் விண்கலங்களின் படங்களில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போலப் பளிச்சென்று இருந்தது.

2005 பிப்ரவரியில் காசினி அதைக் கடந்தபோது காந்தமானி ஒரு விசித்திரத்தைப் பதிந்தது. சனியின் காந்தப்புலக் கோடுகள் என்செலடஸின் அருகே வளைந்திருந்தன. வெறும் பனிப்பந்தாக இருந்தால் கோடுகள் நேரே ஊடுருவிப் போயிருக்க வேண்டும். காற்றுபோல் ஏதோ ஒன்று தடுத்திருந்தால்தான் வளையும். இவ்வளவு சிறிய நிலாவுக்குக் காற்றைப் பிடித்துவைக்கும் ஈர்ப்பு கிடையாது. அப்படியானால் காற்று வெளியேற வெளியேற எங்கிருந்தோ புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மிஷேல் டோஹெர்ட்டி அந்தக் கருவிக் குழுவின் தலைவர். அடுத்த முறை இன்னும் நெருங்கிப் போக வேண்டும் என்று திட்டக் குழுவிடம் வாதாடினார். ஒரு கருவியில் விழுந்த சிறிய வளைவுக்காக விண்கலத்தின் பாதையை மாற்றச் சொல்வது எவ்வளவு கனமான வேண்டுகோள் என்று நினைத்துப் பாருங்கள். அவர் கணிப்பு தவறாகியிருந்தால் அதன் பிறகு அவர் சொல்லை யார் கேட்பார்கள்? ஜூலை 14 அன்று காசினி 173 கிலோமீட்டர் உயரத்தில் தென்துருவத்தை ஒட்டிப் பறந்தது.

நீராவி. பனித்தூள். தென்துருவத்தில் நான்கு நீண்ட விரிசல்கள், சுற்றிலும் மைனஸ் 200 டிகிரிக் குளிர் இருக்க அவை மட்டும் வெதுவெதுப்பு. நவம்பரில் சூரியனை எதிரே வைத்து எடுத்த படங்களில் அந்த விரிசல்களிலிருந்து ஊற்றுகள் பீய்ச்சிக்கொண்டு விண்வெளியில் ஏறுவது கண்ணுக்கே தெரிந்தது. சனியைச் சுற்றி வெகு தொலைவில் மெல்லிய நுண்தூள் வளையம் ஒன்று உண்டு. ஈ வளையம் என்பார்கள். அவ்வளவு நுண்ணிய தூள் நாளடைவில் கரைந்துபோக வேண்டும், எப்படி நிலைத்திருக்கிறது என்பது பழைய கேள்வி. அதற்கு வரவு வைத்துக்கொண்டே இருந்தது இந்தக் குட்டி நிலா.

அடியில் கடல் இருக்கிறதா, துருவத்தில் மட்டும் ஒரு குட்டையா என்ற கேள்வி மேலும் பத்து ஆண்டுகள் நீடித்தது. தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்போம் அல்லவா, ஏறக்குறைய அதுதான் செய்தார்கள். ஏழாண்டுப் படங்களில் பள்ளங்களின் இடத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு, சுற்றும்போது நிலா எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளந்தார்கள். 0.12 டிகிரி. மிகச் சிறிய அளவு. ஆனால் மேலோடு உள்ளே இருக்கும் பாறையோடு ஒட்டியிருந்தால் அவ்வளவுகூடத் தள்ளாட முடியாது. ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவே சுற்றிலும் தண்ணீர். 2015இல் அது உறுதியானது. அதே ஆண்டு, அந்தத் தூளில் கலந்திருந்த மிக நுண்ணிய சிலிக்கா துகள்களை வைத்து, கடலடியில் 90 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் பாறையோடு உறவாடுகிறது என்று சொன்னார்கள். 2017இல் ஊற்றில் ஹைட்ரஜன் இருப்பதை அறிவித்தார்கள். நம் கடலின் ஆழத்தில், ஒளியே படாத வெந்நீர்த் துளைகளின் அருகே, ஹைட்ரஜனை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய சாப்பாடு அங்கேயும் இருக்கிறது. 2023இல் பாஸ்பேட்டும் அந்தத் துகள்களில் இருப்பது தெரிந்தது. சாப்பிட ஆள் இருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி. அதற்கு இதுவரை பதில் இல்லை. இல்லாத பதிலை இருப்பதாக எழுதும் தலைப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதன்மேல் எதற்கு மெருகு?

கோளின் ஒரு நாள் எத்தனை மணி என்ற எளிய கேள்விகூட வெகு காலம் உதைத்துக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? சனிக்குத் தரை இல்லை. மேகங்கள் ஒவ்வொரு பட்டையிலும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகின்றன. வானொலி அலையின் துடிப்பை வைத்து வாயேஜர் 10 மணி 39 நிமிடம் என்றது. இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்துக் காசினி அதே துடிப்பை அளந்தால் 10 மணி 45 நிமிடம். ஆறு நிமிடம் வித்தியாசம். அவ்வளவு பெரிய கோள் அதற்குள் அப்படி மெதுவாகிவிட வழியே இல்லை. ஆக, அந்தத் துடிப்பு கோளின் சுழற்சியைக் காட்டவில்லை. விடை வளையங்களில் எழுதியிருந்தது. சனியின் உள்ளே எழும் அதிர்வுகள் அதன் ஈர்ப்பைச் சற்றே அசைக்கின்றன. அந்த அசைவு வளையத்தில் அலைகளாகப் பதிகிறது. மார்க் மார்லியும் கரோலின் போர்க்கோவும் 1993இல் இதை முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். ஹெட்மனும் நிக்கல்சனும் காசினியின் அளவீடுகளில் அந்த அலைகளை 2013இல் காட்டினார்கள். அவற்றை வைத்து கிறிஸ்டோபர் மேன்கோவிச்சின் குழு 2019இல் கணக்கிட்ட நாளின் நீளம் 10 மணி 33 நிமிடம் 38 நொடி. நாம் அழகென்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த வளையம் கோளின் நாடியைப் பதிந்துகொண்டிருந்திருக்கிறது.

வளையத்தின் வயது இன்னும் தீராத கணக்கு. கடைசிச் சுற்றுகளில் அளந்த எடை, மிமாஸ் என்ற சிறு நிலாவின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான். எடை குறைவு, பனியோ மிகத் தூய்மை. தூசு படிந்து கறுக்காமல் இருப்பதால் பத்துக் கோடி ஆண்டுக்குமேல் வயதிருக்காது என்றார்கள் பலர். வந்து மோதும் தூசு ஆவியாகி வெளியேறிவிடுவதால் வளையம் தூய்மையாகவே இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம் என்று ஹியோடோவின் குழு 2024இல் மறுத்தது. எனக்கு இரண்டாவது தரப்பின்மேல் மனம் சாய்கிறது. ஆனால் என் மனம் சாய்வதற்கு எடை ஏதும் இல்லை.

2017 செப்டம்பர் 15, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி மாலை 5 மணி 25 நிமிடம். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கான்பெராவின் ஆண்டெனாவில் ஒரு கூர்முனையாகத் தெரிந்துகொண்டிருந்த காசினியின் அலை சட்டென்று தணிந்து தட்டையானது. அலை வந்து சேர 83 நிமிடம் ஆகும் என்பதால், நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பே அது சனியின் மேகங்களுக்கு மேல் எரிந்து முடிந்திருந்தது. பின்னால் நின்றவர் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். எரிபொருள் தீரும் நிலை, கட்டுப்பாடு இழந்தால் என்றாவது ஒருநாள் என்செலடஸின்மேலோ டைட்டனின்மேலோ விழுந்துவிடலாம், கலத்தில் ஒட்டியிருக்கக்கூடிய பூமியின் கிருமி ஒன்றுகூட அந்தக் கடலைத் தொடக் கூடாது, அதனால்தான் வேண்டுமென்றே கோளுக்குள் இறக்கி எரித்தார்கள் என்று விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "யாருடைய கணக்கிலும் தவறாக ஏறிவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறார்கள்" என்றார்.

இப்போது அவருக்கு மாடி ஏற முடியவில்லை. அந்த நவம்பர் இரவில் மகள்தான் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தாத்தாவிடம் காட்டினாள். வட்டம் ஒன்று, இருபுறமும் கோடு, கோட்டின் நீட்சியிலே சற்றுத் தள்ளி ஒரு பெரிய புள்ளி. அதன் பக்கத்தில் டைட்டன் என்று எழுதியிருந்தாள். கோட்டுக்குக் கீழே இன்னொரு சிறிய புள்ளி. அதன் அருகே கேள்விக்குறி. நிலாவா, பின்னால் இருக்கும் ஏதாவது விண்மீனா என்று எங்களுக்குத் தெரியவில்லை. 2025 மார்ச்சில் மட்டும் 128 புதிய நிலாக்களை அறிவித்து மொத்தம் 274 ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தேன். அவற்றில் ஒன்றாக இருக்கும் என்று அவளுக்கு ஆசை. அவ்வளவு சிறியவை நம் தொலைநோக்கியில் தெரியாது என்றும் சொன்னேன். நாளைக்கும் பார்த்தால் தெரிந்துவிடும், நகர்ந்திருந்தால் நிலா என்றாள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு விரலை நோட்டின் மேல் மூலையில் வைத்தார்.

"தேதி போட்டிருக்கிறாய். மணி போடவில்லையே, கண்ணு."

அவள் நோட்டை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள், மறுபடியும் பார்த்துவிட்டு எழுத.